டிரம்மைக் கடையாமல் கட்டையை மட்டும் மாற்றாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில், டிஸ்க் பிரேக் இல்லாத பழைய மோட்டார் சைக்கிள்களை ஏற்காடு மலைப்பாதையில் அனுமதிக்கவே கூடாது என்று சேலத்து அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்காமல் ஒரு பழைய வண்டி தடுப்புச் சுவரில் மோதியதைக் கண்ணால் கண்ட பதற்றம் அந்தக் கடிதத்தில் தெரிந்தது. அவருடைய அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் பழியை அவர் போட்ட இடம் சரியில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சற்று நீளம்தான், பொறுத்தருள வேண்டும்.

நான் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுபவன். வங்கி வேலை, உரக்கடை, உதிரிபாகம் என்று வாரந்தோறும் சேலத்துக்கு இறங்கி ஏறுகிறேன். வண்டி, என் தந்தையார் 1980-களின் தொடக்கத்தில் வாங்கிய புல்லட் 350. கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில் இருக்கும் பழைய அமைப்பு. இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம் போன்ற டிரம்மின் உட்சுவரில், கட்டை என்று நாம் சொல்லும் இரண்டு பிரேக் ஷூக்கள் விரிந்து உரசி வண்டியை நிறுத்தும். அதன் பிரேக் வேலையை வீட்டுத் திண்ணையிலேயே நான் செய்துகொள்கிறேன். கடைசல் வேலைக்கு மட்டும் செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனரிடம் போவேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிரம் பிரேக் என்றாலே தடை என்றால் யாரையெல்லாம் மலையிலிருந்து இறக்கிவிட வேண்டியிருக்கும் என்று அன்பர் யோசித்துப் பார்க்க வேண்டும். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குச் சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ்., அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். என்று 2019 ஏப்ரல் முதல் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு உட்பட்டே இன்றும் இரு சக்கரத்திலும் டிரம் வைத்த வண்டிகள் புதிதாக விற்கின்றன. மிளகு மூட்டையும் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு எங்கள் மலைக்கிராமத்து மக்கள் ஓட்டும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது டிரம்தான். ஏன், நாள் முழுவதும் இந்த மலையில் ஏறி இறங்கும் பஸ்களிலும் லாரிகளிலும் பெரும்பாலும் டிரம்தான்.

மலைப்பாதை பிரேக்கிடம் எவ்வளவு கேட்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி, ஆள், பின்னால் கட்டிய சாமான் எல்லாம் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக்கொண்டால், 1,200 மீட்டர் இறங்கும்போது அது விடும் ஆற்றல் ஏறக்குறைய 30 லட்சம் ஜூல். பத்து லிட்டர் தண்ணீரை அடுப்பிலேற்றிக் கொதிக்க வைக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அவ்வளவு. அதில் ஒரு பங்கை எதிர்க்காற்று வாங்கிக்கொள்ளும். கியரில் இறங்கினால் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் டிரம்மில்தான் சூடாக இறங்க வேண்டும்.

இப்படியிருக்க, பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் அடிவாரம் வரை உருண்டு வருகிறவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். பெரும்பாலும் இளைஞர்கள். அவர்கள் மிச்சம் பிடிப்பது சில ரூபாய். அதற்காக எஞ்சின் தாங்க வேண்டிய சுமையையும் கட்டையின் தலையில் கட்டிவிடுகிறார்கள். டிரம் சூடேறினால் விரியும், கட்டையை விட்டு விலகும். லீவரை அழுத்த அழுத்தக் கைப்பிடி வரை வந்துவிடும். அதற்கு மேலும் சூடேறினால் கட்டையில் உள்ள பிசின் ஆவியாகி வழுக்கத் தொடங்கும். டிரம் பிரேக்கில் ஒரு கட்டை, சுற்றும் டிரம் உரசி இழுக்கும் இழுப்பைக் கொண்டே தன்னை இறுக்கிக்கொள்ளும். உராய்வு சற்றுக் குறைந்தாலும் அந்த உதவி பெரிதாகக் குறைந்துவிடும். அதனால்தான் டிரம் கைவிடும்போது சட்டென்று கைவிடுகிறது. 60 அடிப் பாலத்துப் பக்கம் வண்டியை நிறுத்திக் கருகல் நாற்றத்தை முகர்ந்துகொண்டு நிற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் நியூட்ரலில் வந்தவர்களாக இருப்பார்கள்.

ஓட்டும் முறை ஒரு பக்கம். அதைவிட என்னை வருத்துவது அரைகுறை வேலை. பிரேக் தேய்ந்துவிட்டது என்றால் நம் ஊரில் செய்வது ஒன்றுதான். சக்கரத்தைக் கழற்றுவது, பழைய கட்டையை எடுத்துவிட்டுப் புதுக் கட்டையை மாட்டுவது, கேபிள் நட்டைத் திருகுவது. அரை மணி நேரத்தில் வண்டி வெளியே வந்துவிடும். வண்டிக்காரரும் லீவர் கெட்டியாக இருக்கிறது என்று மகிழ்ந்துபோய்விடுவார். ஆனால் முப்பது, நாற்பது ஆண்டு ஓடிய டிரம் வட்டமாக இருக்காது. உட்சுவர் தேய்ந்து, விளிம்பில் மேடு நின்றிருக்கும். சூட்டில் நீலம் பாய்ந்த திட்டுகள் இருக்கும். பழைய கட்டையின் ரிவிட் தலை உரசிய பள்ளங்கள் வரிவரியாக இருக்கும். அதற்குள் புதுக் கட்டையைப் போட்டால் அது எங்கே தொடும்? பெரிய கிண்ணத்துக்குள் சிறிய கிண்ணத்தை வைத்தால் அடி மட்டும் தொடுவதுபோல, கட்டையின் நடுப்பகுதி மட்டும் தொடும். நான்கு அங்குலக் கட்டையில் ஓர் அங்குலம்தான் வேலை செய்யும். சமவெளியில், அஸ்தம்பட்டி சிக்னலில் நிற்பதற்கு அது போதும். மலையிறக்கத்தில் அந்த ஓர் அங்குலம் முதல் சில வளைவுகளுக்குள் கருகிவிடும்.

ஆகவே டிரம்மையும் கட்டையையும் ஒன்றாகத்தான் சரிசெய்ய வேண்டும். டிரம் முதலில், கட்டை பிறகு. கட்டையை மட்டும் மாற்றுகிற வேலைக்கு மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஒப்புக்கொள்ளவே கூடாது.

புல்லட்டின் பின் சக்கரத்தில் டிரம்மும் செயின் பல்சக்கரமும் ஒரே வார்ப்பு. அதைத் தனியே கழற்றிக் கடைசலில் பிடித்துவிடலாம், எந்தப் பட்டறையிலும் முடியும். முன் சக்கரம்தான் சோதிக்கும். அங்கே டிரம் சக்கரத்தின் நடுப்பகுதியோடு சேர்ந்தது. சிலர் ஸ்போக்ஸை எல்லாம் பிரித்து, நடுப்பகுதியை மட்டும் கடைந்துவிட்டு, மறுபடியும் ஸ்போக்ஸ் போடுகிறார்கள். அது வீண் வேலை. ஸ்போக்ஸ் இழுக்கும் இழுப்பில் டிரம் மறுபடியும் கோணும். முதலில் ஸ்போக்ஸை இறுக்கி ரிம்மின் கோட்டம் எடுக்க வேண்டும். பிறகு டயரை மட்டும் கழற்றிவிட்டு, முழுச் சக்கரத்தோடு லேத்தில் ஏற்றிக் கடைய வேண்டும். 19 அங்குல ரிம்மின் வெளி விளிம்பு 20 அங்குலத்துக்கு மேல் வரும். அது இடிக்காமல் சுழல, படுக்கையில் பள்ளம் விட்ட பெரிய லேத் வேண்டும். அப்படிப்பட்ட லேத் எல்லாப் பட்டறையிலும் இருக்காது. என் மைத்துனரிடம் இருப்பது என் பாக்கியம்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்கு அலுப்பதே இல்லை. சக்கரத்தை வெறுமனே லேத்தின் பிடியான சக்கில் கவ்வ மாட்டார். பேரிங் உட்காரும் துளைகளுக்குச் சரியாக மாண்ட்ரல் என்ற தண்டு ஒன்றைக் கடைந்து, அதன்மேல்தான் சக்கரத்தை உட்கார வைப்பார். ஓடும்போது சக்கரம் எந்த மையத்தில் சுற்றுமோ அதே மையத்தில் கடைந்தால்தான் வட்டம் வட்டமாக வரும். டூலை மெல்ல உள்ளே கொண்டுபோய்த் தொடவிட்டதும் 'டக்... டக்... டக்...' என்று ஒரு பக்கம் மட்டும் கடிக்கிற சத்தம் கேட்கும். மோட்டாரை நிறுத்திப் பார்த்தால், உட்சுவரில் பிறை வடிவில் ஒரு பகுதி மட்டும் வெள்ளியாக மின்னும், மீதி கறுப்பாகவே இருக்கும். "மாமா, இதுதான் உங்கள் வட்டம்" என்று விரலால் காட்டுவார். அடுத்த வெட்டு, அதற்கடுத்த வெட்டு என்று மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே எடுப்பார். வார்ப்பிரும்பு என்பதால் சுருள் வராது, கரும்பொடியாகத்தான் உதிரும். பிறை வளர்ந்து முழு வட்டமாக, சத்தம் விட்டுவிட்டு வராமல் ஒரே இழையாகச் சீறத் தொடங்கியதும் நிறுத்திவிடுவார். அதற்கு மேல் ஒரு நூலிழைகூட எடுக்க மாட்டார். எடுத்த இரும்பு திரும்ப வராது. எவ்வளவு வரை கடையலாம் என்று தயாரிப்பாளர் கொடுத்த உச்ச விட்டம் கையேட்டில் இருக்கும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பல வண்டிகளில் டிரம்மிலேயே பொறித்திருப்பார்கள். அதைத் தாண்டினாலோ, மயிரிழைபோல விரிசல் தெரிந்தாலோ, அந்த டிரம் எவ்வளவு பழமைச் சிறப்பு உடையதாக இருந்தாலும் அலமாரியில்தான் வைக்க வேண்டும்.

டிரம் இப்படிக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. கடையில் விற்கும் கட்டை, பழைய அளவுக்கு வார்த்தது. அதனால் கூடுதல் தடிமன் உள்ள லைனிங்கை, அதாவது டிரம்மில் உரசும் பட்டையை, அலுமினிய ஷூவில் ஏற்றித்தான் மாட்ட வேண்டும். ரிவிட் அடிக்கும் கட்டையாக இருந்தால் நடுவில் தொடங்கி இரு முனைகளை நோக்கிப் போக வேண்டும், முனையில் தொடங்கினால் நடுவில் லைனிங் எழும்பி நிற்கும். ரிவிட் தலைகள் லைனிங்குக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும். பிறகு இரண்டு ஷூவையும் ஸ்பிரிங்கோடு, அவற்றைத் தாங்கும் தட்டான பிரேக் பிளேட்டில் மாட்டி, ஷூக்களை விரிக்கும் கேமுக்கும் ஷூவுக்கும் இடையில் மெல்லிய தகடு வைத்துச் சற்றே விரியவிட்டு, பிளேட்டோடு லேத்தில் ஏற்றி, டிரம்மைவிட இம்மியளவு சிறிய வட்டமாகக் கடைய வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும்.

லேத் கிடைக்காதவர்கள் இந்தக் கடைசிப் பகுதியை வீட்டிலேயே செய்யலாம், நேரம்தான் பிடிக்கும். டிரம்மின் உட்சுவர் முழுக்கச் சாக்பீஸால் தேய்த்துவிட்டுச் சக்கரத்தை மாட்டி, ஒரு சுற்றுச் சுற்றி மெல்லப் பிரேக்கை அழுத்திவிட்டு மறுபடி கழற்றுங்கள். கட்டையில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அதுதான் மேடு. லைனிங்கை ஈரமாக்கிக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் முரட்டு உப்புத்தாளால் எடுங்கள். காய்ந்த பின் மறுபடி சாக்பீஸ், மறுபடி உப்புத்தாள். வெள்ளை கட்டையின் நீளம் முழுக்கப் பரவும்வரை பொறுமை வேண்டும். கட்டையின் முன்முனையைச் சற்றுச் சரித்துவிட்டால் கவ்விப் பிடிக்கிற தொல்லையும் கீச்சொலியும் குறையும்.

இனி நான் சொல்வது பிரேக் பிடிப்பதைவிட முக்கியமானது. பழைய வண்டியின் டிரம்மைத் திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் தூள் இருக்கும். நம் மெக்கானிக்குகள் அதை வாயால் ஊதுகிறார்கள், இல்லையென்றால் கம்ப்ரசர் காற்றை அடிக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், பரவலாகச் சேர்க்கப்பட்டது. நம் நாட்டில் வெள்ளைக் கல்நாரை இன்னும் முழுமையாகத் தடை செய்யவில்லை என்பதால், கடையில் வாங்கும் மலிவான கட்டையில் அது இல்லை என்று நம்பிவிடவும் முடியாது. கல்நாரின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. மூச்சில் போன இழை உடனே எதுவும் செய்யாது. 20 ஆண்டு, 40 ஆண்டு கழித்துத்தான் நுரையீரலில் நோயாக எழும். 1995-இல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தபோது, ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டதற்குக் காரணம் அதுதான். சாலையோரப் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனுக்கு எந்தப் பதிவேடும் இல்லை. அவன் நடு வயதில் இருமும்போது அது எந்த டிரம்மிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

செய்ய வேண்டியது எளிது. சக்கரத்தைக் கழற்றியதும் சோப்புத் தண்ணீரை மெல்லத் தெளித்துத் தூளை முழுக்க நனைத்துவிடுங்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியையும் பழைய கட்டையையும் ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். பழைய கட்டையை ஒருபோதும் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். புதிதாக வாங்கும்போது 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். நல்ல முகக்கவசம் இல்லாமல் லேத்தில் லைனிங் கடைய என் மைத்துனர் ஒப்புவதில்லை, பட்டறைப் பையன்களையும் அந்நேரம் வெளியே அனுப்பிவிடுவார்.

மற்றவை சிறு வேலைகள், ஆனால் விட்டுவிடக் கூடியவை அல்ல. கேம் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அதன் தண்டில் சூடு தாங்கும் கிரீஸை விரல் நுனியில் எடுத்து வைத்தால் போதும், அப்பினால் உருகிக் கட்டையில் இறங்கும். எண்ணெய் இறங்கிய கட்டையைப் பெட்ரோலில் கழுவி எரித்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி மேலே வரும், ஆகவே மாற்றத்தான் வேண்டும். பிரேக்கை அழுத்தும்போது கேம் கைக்கும் கேபிளுக்கும் இடையே உள்ள கோணம் செங்கோணத்தைத் தாண்டக் கூடாது. பிரேக் பிளேட்டின் நட்டைச் சற்றுத் தளர்த்தி, பிரேக்கை இறுக்க அழுத்திப் பிடித்தபடியே நட்டை முடுக்கினால் இரு கட்டையும் நடுவில் உட்காரும். இந்த ஒன்றைச் செய்ததற்கே லீவரில் வித்தியாசம் தெரியும். பிளேட்டைச் சுழலாமல் பிடித்து நிறுத்தும் இணைப்பில் போல்ட், நட், பின் எல்லாம் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். அது கழன்றால் சக்கரம் அப்படியே இறுகி நின்றுவிடும். கேபிள் புதிதாகவே இருக்கட்டும்.

இரட்டைக் கேம் வைத்த முன் பிரேக் உள்ள பிற்கால புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அது முன்னோக்கிப் போகும்போது அருமையாகப் பிடிக்கும். ஏற்றத்தில் நின்று வண்டி பின்னோக்கி நழுவத் தொடங்கினால், இரண்டு கட்டையுமே தன்னை இறுக்கிக்கொள்ளும் உதவியை இழந்துவிடும். ஏற்ற வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நிற்கும்போது முன் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள், பின் பிரேக்கை மிதித்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் நேராக மலையிறக்கத்துக்குப் போகக் கூடாது. புதுக் கட்டை டிரம்மோடு பழகச் சமதளச் சாலையில் மிதமான வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். நான் ஏற்காடு ஏரியைச் சுற்றியுள்ள சாலையில் அதிகாலையில் செய்வேன். அதன்பிறகு எஞ்சினை அணைக்காமல் இரண்டாம் கியரில் இறங்கிப் பாருங்கள். அடிவாரம் வந்ததும் டிரம்மில் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. கொதிக்கும் வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் கோணும், விரிசலும் விடலாம். ஆலமர நிழலில் நிறுத்தி ஒரு டீ குடியுங்கள், அதற்குள் ஆறிவிடும்.

15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை செய்து பதிவைப் புதுப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. 50 ஆண்டு கடந்தவற்றைப் பாரம்பரிய வாகனமாகப் பதிய 2021-இல் தனி விதிகளே வந்தன. பழைய வண்டியை அரசு வேண்டாம் என்று சொல்லவில்லை, தகுதியோடு வைத்திரு என்றுதான் சொல்கிறது. தகுதியோடு வைத்திருக்க வழி காட்டுவதுதான் இப்போதைய தேவை. சேலம் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் லேத்தும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, வண்டி வைத்திருப்பவர்களும் சாலையோர மெக்கானிக்குகளும் வந்து டிரம் கடையவும் தூளை நனைத்துக் கையாளவும் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். கட்டணம் வைத்தாலும் தருவோம். ஏற்காட்டிலிருந்து இறங்கும் வழியின் தொடக்கத்திலும், குப்பனூர்ச் சாலையில் கொட்டச்சேடு தாண்டியும், 'எஞ்சினை அணைக்காதீர்கள், சிறிய கியரில் இறங்குங்கள்' என்று பெரிய எழுத்தில் தமிழில் பலகை வைக்க வேண்டும்.

கடிதம் எழுதிய சேலத்து அன்பர் இதைப் படித்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துக்கு வரட்டும். அடுத்து என் பின் சக்கரத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது. அவர் முன்னாலேயே திறக்கிறேன்.

இப்படிக்கு,
காப்பித் தோட்டக் கணக்கர் ஒருவர்,
நாகலூர், ஏற்காடு வட்டம்,
சேலம் மாவட்டம்.